ஒன்பதிலிருந்து நாலு வரை

பெட்டிகளை இரவு பதினோரு மணிக்குள்
அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டுமாம்.
சாப்பாட்டு மேசையில்
இனிப்பின் கடைசி வாயோடு வந்தது
கப்பலின் கடைசிக் கட்டளை.

பதினான்கு நாள்
யாரோ சமைத்தார்கள், யாரோ படுக்கை மடித்தார்கள்,
சன்னலுக்கு வெளியே பனிப்பாறைகளை
யாரோ நகர்த்திக்கொண்டே இருந்தார்கள்.
நாளைக் காலை முதல்
எங்களுக்கு நாங்களே பொறுப்பு.

வால்பரைசோவில் இறக்கிவிடுவார்கள், ஒன்பது மணிக்கு.
நாலு மணிக்கு சாந்தியாகோ பேருந்து.
இரவு விமானம், பிறகு ரொசாரியோ,
பிறகு திங்கட்கிழமை.
நடுவில் இருக்கும் ஏழு மணி நேரத்துக்குள்
ஒரு நகரத்தை மடித்து வைக்கப் பார்க்கிறேன்,
கட்டிலில் சம்மணமிட்டு,
சலவை ரசீதின் பின்பக்கத்தில்.

எலிசேயோவுக்கு மீன்சந்தை.
வாங்கி என்ன செய்வாய்,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவாயா என்றேன்.
சும்மா பார்க்கத்தான் என்கிறான்.
லவுதாரோவுக்கு
மலைச்சரிவில் கயிறு இழுத்து மேலேறும் மரப்பெட்டி.
ஒன்று போதாது,
ஊரில் எத்தனை ஓடுகிறதோ அத்தனையிலும் ஏற வேண்டும்.
மேடே இல்லாத ஊரில் பிறந்த பிள்ளை,
குற்றம் சொல்ல முடியாது.
ஆனாஹிக்கு ஒன்றும் வேண்டாம்.
பதினைந்து வயதில்
ஒன்றும் வேண்டாம் என்பது
நாள் முழுக்கப் பிடிக்கும் நிகழ்ச்சி.
அதற்கும் நேரம் ஒதுக்கினேன்.

எனக்கு என்ன வேண்டும் என்று
யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

கணக்கு இடித்தது.
பெட்டிகளைப் பேருந்து நிலையத்தில் ஒப்படைக்க முக்கால் மணி,
சந்தை ஒரு மணி,
மரப்பெட்டி வரிசையில் நிற்க எவ்வளவோ,
சாப்பாடு, வழி தவறுதல், வழி தவறியதற்குச் சண்டை,
கழிப்பறை தேட அரை மணி.
எலிசேயோ சிரித்தான்.
உசுவாயாவில் ஊரெல்லாம் தேடி ஓடியது யார் என்றேன்.
சிரிப்பு நின்றது.

எப்படிக் கூட்டினாலும் ஒன்பது மணி நேரம் வந்தது.
சந்தையை அரை மணியாக்கினேன்.
சண்டையை அடித்துவிட்டேன்,
அது நடந்துகொண்டேகூட போடலாம்.

பதினோரு மணி.
பெட்டிகள் வெளியே போயின.
நடைவழி நெடுகச் சக்கரங்களின் கடகடப்பு
தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

பதினொன்றே முக்காலுக்கு
குளியலறை வாசலில் எலிசேயோ,
இடுப்பில் துண்டு.
"மிர்தா, என் கால்சட்டையெல்லாம் எங்கே?"

சாயங்காலம் முழுக்க
மடித்து மடித்து அடுக்கிய மகராசன் அவன்தான்.
மிச்சம் இருந்தவை:
விருந்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டு,
கிளிப்படம் போட்ட நீச்சல் அரைக்கால்சட்டை.
துறைமுகக் கூடத்தில்
ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவே நம் பெட்டி கிடைக்கும்வரை
அதுதான் உடுப்பு.

முதலில் ஒரு மூச்சிரைப்பு மாதிரிக் கேட்டது.
மேல்கட்டிலிலிருந்து.
தலையணையைக் கடித்துக்கொண்டு,
பிறகு கடிக்க முடியாமல்,
ஆனாஹி சிரித்தாள்.
பதினான்கு நாளில்
பனிப்பாறைக்கு இல்லை, திமிங்கலத்துக்கு இல்லை,
பெங்குவினைப் பார்த்தும் கொட்டாவி விட்டவள்.

இறங்கி வந்து ரசீதைப் பிடுங்கினாள்.
எல்லாவற்றுக்கும் மேலே எழுதினாள்:
ஒன்பது மணி.
அப்பா கிளிகளோடு கரையிறங்குதல்.
அனைவரும் வரவேண்டும்.

பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி
"உனக்கு?" என்றாள்.

எனக்குச் சட்டென்று வாயில் வந்தது:
ஆடாத ஒரு பெஞ்சு.

எழுதிக்கொண்டாள்.
எத்தனை மணிக்கு என்று போடவில்லை.

விளக்கணைத்த பிறகும்
மேசைமேல் பென்சில் உருளும் சத்தம்,
இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும்.
எழுந்துபோய் எடுத்துவைக்கச் சோம்பல்.
கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

விடிவதற்கு முன்னால் விழிப்பு வந்தது.
ஏன் என்று சற்று நேரம் புரியவில்லை.
பென்சில் நின்றிருந்தது.