மி

போலிஷில் 'நாங்கள்' தனியாக நடமாடுவதில்லை.
வினைச்சொல்லின் வாலில் தொற்றிக்கொண்டு வரும்
ஒரு சின்ன 'மி'.
இஜெமி, போகிறோம். யெமி, சாப்பிடுகிறோம்.
மாமி என்றால், நம்ப மாட்டீர்கள், 'வைத்திருக்கிறோம்.'
முதல் நாள் கிராஜினா ஃபிரிட்ஜைத் திறந்து
மாமி பால், மாமி முட்டை, மாமி வெண்ணெய்
என்று ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட
சிரிப்பை அடக்க
ஜன்னலுக்கு வெளியே டிராமைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கியபின்தான் சிக்கல்.
கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள்,
உள்ளே இழுத்துக்கொண்டால் நாம்
என்று இரண்டு கதவு வைத்துப் பழகியவன் நான்.
இங்கே ஒன்றுதான்.
அது தாழிட்டிருக்கிறதா, ஒருக்களித்திருக்கிறதா
என்று நிற்பவனுக்குத் தெரியாது.

"ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போகிறோம், காளான் பறிக்க"
என்றார் ஸெனோன், கையிலிருந்த ரொட்டியிடம்.
பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.
அன்று காலை கார்
பத்து நிமிடம் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.
எனக்காகவா, என்ஜின் சூடாகவா,
இன்றுவரை கேட்கவில்லை.
மாலையில் ஈகா காளான்களை நூலில் கோத்து
அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள்.
வீடு முழுக்க ஈர மண் வாசனை, ஒரு வாரம்.
அந்த ஒரு வாரமும் நான்
வெந்நீரை அளந்து அளந்து குளித்தேன்,
படியில் சத்தம் வராமல் ஏறினேன்,
'சாப்பிட்டாயா' என்றால் 'ஆச்சு' என்றேன்.

விஸ்துலா ஓரங்களில் உறையத் தொடங்கிய டிசம்பர்.
இருபத்திரண்டாம் தேதி
குளியல் தொட்டியில் ஒரு கெண்டை மீன்.
உயிரோடு.
பண்டிகைக்கு, என்றார்கள். இரண்டு நாள் யாரும் குளிக்கவில்லை.
எட்டு வயது திமெக் அதற்கு
கேப்டன் என்று பெயர் வைத்துவிட்டான்.
பெயர் வைத்திருக்கக் கூடாது.
அவனைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும்.
இருபத்துநான்கு காலை ஸெனோன்
சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்:
"இவனை வெளியே கூட்டிக்கொண்டு போ. ஒரு மணிநேரம்."
அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.
சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு
குன்றில் ஏழு முறை ஏறினோம்.
எட்டாவது முறை அவன் கேட்டான்,
"தண்ணீர் மாற்றினார்களா கேப்டனுக்கு?"
எனக்குப் போலிஷ் வராததுபோல் நின்றேன்.

முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பாடு.
வெள்ளை விரிப்பு, அதற்கடியில் ஒரு பிடி வைக்கோல்,
தட்டுகள் ஆறு.
எண்ணிப் பார்த்தேன்: அவர்கள் நான்கு பேர்.
கதவோரம் ஒரு தட்டு
எதிர்பாராமல் வருகிற விருந்தாளிக்கு என்று
ஈகா முன்பே சொல்லியிருக்கிறாள்.
விருந்தாளி யாரென்பதில் எனக்கென்ன சந்தேகம்?
போய் அங்கே உட்கார்ந்தேன், கைகளை மடியில் வைத்து.
கரண்டிச் சத்தம் நின்றது.
"அது வரப்போகிறவருடையது!"
திமெக்கின் குரலில் நிஜமான கோபம்.
கிராஜினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"உன் இடம் அடுப்புப் பக்கம், தினமும் உட்கார்வதுதானே.
உட்காருமுன் அந்தப் பீட்ரூட் சூப்பை எடுத்து வா,
ஆறிப்போகிறது."

எடுத்து வந்தேன். கொஞ்சம் விரிப்பில் சிந்தினேன்.
திட்டும் வாங்கினேன், ஈகாவோடு சேர்த்து.

பிறகு மீன் வந்தது.
பொன்னிறமாக, வட்ட வட்டமாக, வெண்ணெய் மினுக்கத்தோடு.
திமெக் தன் தட்டைத் தள்ளினான்.
அப்புறம் கையை நீட்டி
என் தட்டையும் தள்ளினான்.
அம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னான்:
"நியெ யெமி."
சாப்பிட மாட்டோம்.

இந்த முறை எனக்குக் குழப்பமே இல்லை.
இது நாம் அல்ல, நாங்கள்.
கிராஜினா வெளியே,
ஸெனோன் வெளியே, முள் எடுத்துக்கொண்டிருந்த ஈகா வெளியே.
உள்ளே இரண்டே பேர்.

குன்றில் ஏழு முறை ஏறியிறங்கிய எனக்கு
நல்ல பசி.
தலையை மட்டும் ஆட்டினேன்.