குளிர்பெட்டியில் யோர்தான்

முப்பத்தொரு பேர் போனோம்.
ஆளுக்கொரு ஆரஞ்சுத் தொப்பி,
நெற்றியில் சபையின் பெயர், எழுத்துப்பிழையோடு.
சாங்கியில் வட்டமாய் நின்று ஜெபித்தபின்
பாஸ்டர் சொன்னார்:
திரும்பி வரும்போது யாரும்
பழைய ஆளாய் இருக்கமாட்டீர்கள்.

நான்கு வருஷம் சேர்த்த காசு.
ஈசூன் பலதுறை மருந்தகத்தில்
வரிசை எண் கூப்பிடுவது என் வேலை.
அதனால் வரிசைகள் புதிதல்ல.
பெத்லெகேமில் ஒன்றரை மணி நேரம் நின்று
குனிந்து வெள்ளி நட்சத்திரத்தில் கைவைத்தேன்.
பின்னால் நின்றவர் முழங்கை முதுகில் இடித்தது.
நகர்ந்தேன். அவ்வளவுதான்.

கெத்செமனேயில் ஒலிவ மரங்கள் வேலிக்குள் இருந்தன.
எட்வின் அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார்.
சலோமி மண்டியிட்டுத் தரையில் முகம் பதித்தாள்.
எனக்கு வலது செருப்பு கடித்தது.
பிளாஸ்டர் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சம்,
எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

கலிலேயாக் கடல் நடுவில்
படகின் இஞ்சினை அணைத்தார்கள்.
இப்போது கேளுங்கள் என்றார் வழிகாட்டி.
கேட்டேன்.
தண்ணீர் பலகையில் தட்டியது.
பெடோக் நீர்த்தேக்கத்திலும் அப்படித்தான் தட்டும்.
அன்றிரவு ஹோட்டலில் சாட்சி சொல்லும் நேரம்
என் முறை வந்தது.
"சமாதானத்தை உணர்ந்தேன்" என்றேன்.
முழுப் பொய்யில்லை.
கால் புண் ஆறியிருந்தது.

யோர்தானில் வெள்ளை அங்கி வாடகைக்கு.
முட்டி வலி, நான் இறங்கவில்லை.
கடைசிப் படியில் உட்கார்ந்து
அரை லிட்டர் போத்தலில் மொண்டேன்.
பார்லி தண்ணீர் நிறம்.
படுக்கையில் கிடக்கும் கணவருக்கென்று
தவமணியக்கா கேட்டிருந்தாள்.
மூன்று பிளாஸ்டிக் பை, இரண்டு துண்டு சுற்றி
வீடு கொண்டுவந்து
குளிர்பெட்டிக் கதவில் வைத்தேன்,
சில்லி சாஸுக்குப் பக்கத்தில்.

வெள்ளி இரவு முகாமிலிருந்து ரூபன் வந்தான்.
தேசிய சேவையில் ஏழாவது மாதம்.
பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
கதவைத் திறந்தான், அண்ணாந்தான்.
"அம்மா, இந்தத் தண்ணி ஏன்
மண்ணு மாதிரி இருக்கு?"

நான் கத்தியது பக்கத்து புளோக்குக்குக் கேட்டிருக்கும்.
மருந்தகத்தில் இருபது வருஷம்;
ஆற்றுத் தண்ணீர் குடித்த வயிறு
என்ன பாடுபடும் என்று தெரியும்.
"அப்போ நான் பரிசுத்தமாயிட்டேன்" என்று சிரித்து
இரண்டு பாக்கெட் மாகி தின்றுவிட்டுத்
தூங்கிப் போனான்.

பன்னிரண்டு. ஒன்று. இரண்டே கால்.
கதவை மெல்லத் திறந்து
நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு
சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.
ஆண்டவரே, என்றேன்.
குளிர்பெட்டி உறுமி நின்றது.
ஆண்டவரே.
அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை.
கடைசி ரயில் போய் வெகுநேரம்.
எத்தனை தரம் சொன்னேனோ,
தொப்பி இல்லை, கொடி இல்லை,
நேரமாச்சு என்று கைதட்ட ஆளில்லை.
எழுந்திருக்க முயன்றபோதுதான்
முட்டி ஞாபகம் வந்தது.

விடிந்ததும் பிள்ளை கேட்டது
முட்டைப் புரோட்டா, ரெண்டு.

சனி மதியம் போத்தலைக்
குழாய்க்கு அடியில் பிடித்தேன்.
யாருக்குத் தெரியப்போகிறது?
கொஞ்சநேரம் அப்படியே பிடித்திருந்தேன்.
திறக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து
கையை நீட்டிக்கொண்டே வந்தாள் தவமணியக்கா.
உள்ளதைச் சொன்னேன்.
முகம் சுண்டியது.
சற்றுக் கழித்து,
"பையனுக்கு வயிறு சரியாயிருக்கா?" என்றாள்.
காலிப் போத்தலை வாங்கி
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.
அடியில் ஒரு சொட்டு.
ஒரு சிட்டிகை மண்.
மூடியை இன்னும் இறுக்கித் திருகி
தேக்காவில் வாங்கிய முருங்கைக்காய்களுக்கு நடுவே
செருகிக்கொண்டாள்.
"நடம்மா, பஸ் வந்திரும்."