ஒரு குண்டு, ஒரு மணி

குந்தாவூரில் சைக்கிள் பழுது பார்க்கிறேன்.
பஞ்சர், பிரேக் கட்டை, அறுந்த செயின்.
மணி சரிபார்க்க மட்டும் காசு வாங்குவதில்லை.
வடக்கே மிதித்தால் மதியச் சோற்றுக்கு முன்
நாடு தீர்ந்து செனகல் வந்துவிடும்.
கிழக்கே மிதித்தால் தீரவே தீராது,
ஆறு போகும் வரைக்கும் நாடு போகும்.

வெள்ளைக்காரன் ஆற்றில் கப்பலை நிறுத்தி
இரு கரைக்கும் பீரங்கி வெடித்தானாம்,
குண்டு விழுந்த இடம் எல்லையாம்.
நான் நம்புவதில்லை.
ஆனால் சொல்லிச் சிரிக்க நல்ல கதை,
அத்தாயா மூன்றாம் கொதிக்கு வரும் வரை.

தேர்தலன்று என் கடைக்குப் பூட்டு.
சாவடிப் பக்கம் சைக்கிள் மணி அடிக்கக் கூடாது,
சட்டம் அப்படி.
ஏனென்றால் எங்கள் ஓட்டு காகிதமில்லை,
கோலிக்குண்டு.
சாயம் பூசிய பீப்பாய்கள், ஆளுக்கொரு நிறம்.
குழாய் வழியே குண்டை விட்டால்
உள்ளே மணி ஒரு முறை அடிக்கும்.
அடியில் மணல், அது உருண்டு பேசாதிருக்க.
இரண்டு முறை அடித்தால் திருட்டு.

'காதுள்ளவன் நீதான்' என்று
அலுவலர் ஜாத்தா என்னை உட்கார வைத்தார்
பழைய வேர்க்கடலைக் கிடங்கில்,
திரைக்கு இப்பால், ஒரு முக்காலியில்.
கடலை ஏற்ற இப்போது படகு வருவதில்லை.
வாசனை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை.

ணிங்.
மீன் விற்கும் புபாக்கர்.
ணிங்.
முதல் ஓட்டுப் போட வந்த இரட்டையரில் மூத்தவள்.
ணிங்.
இளையவள், அக்காவை விட அவசரமாக.
வெளியே ஹர்மத்தான் புழுதி,
கழுதை ஒன்று யாருக்கோ வாக்குக் கேட்டது.

பதினொன்றரைக்கு தீதா த்ராவல்லி வந்தாள்,
சேற்றுக் காலோடு, நெல் வயலிலிருந்து நேராக.
போன மழையில் நீர்யானை மேய்ந்த வயல் அது.
குண்டை வாங்கினாள், திரைக்குள் போனாள்.

மணி அடிக்கவில்லை.

ஜாத்தா என்னைப் பார்த்தார்.
நான் திரையைப் பார்த்தேன்,
திரை ஆளைப் பார்க்க விடாத துணி.
தவறவிட்டேனா? இருபது வருஷம்
ஆணி உரசும் சத்தத்தில் பேரிங் வயது சொன்ன காது!
வரிசையில் ஒருவன் இருமினான்,
அவனைக் கொல்லலாம் போலிருந்தது.
ஆறு சுவாசிப்பது கேட்டது,
கடல் எத்தனையோ மைலுக்கு அப்பாலிருந்து
இழுத்துவிடும் மூச்சு.

ணிங்.

வெளியே வந்தவளிடம் ஜாத்தா கேட்டார்,
'ஏனம்மா இவ்வளவு நேரம்?'
'ஜில்லென்று இருந்தது.
கொஞ்சம் சூடேறட்டும் என்று
உள்ளங்கையில் வைத்திருந்தேன்,
என்னுடையது என்று தெரிந்து போட வேண்டாமா?'
மை வைத்த விரலை முந்தானையில் துடைக்கப் போய்
துடைக்கக் கூடாதென்று நினைவு வந்து
தூக்கிப் பிடித்தபடியே நடந்தாள், வயல் வரை.

இரவு லாந்தர் வெளிச்சத்தில்
பீப்பாய்களைக் கவிழ்த்தோம்.
குழி குழியான தட்டு, இருநூறு குழி.
குண்டுகள் ஓடி ஓடி உட்கார்ந்தன
பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல.
ஒவ்வொன்றையும் எடுத்துத் தந்தது நான்.
எல்லாமே குளிர்ந்திருந்தன.
தெரியும், பன்னிரண்டு மணி நேரம்.
தெரிந்தும் விரல் தேடியது.

யார் ஜெயித்தார் என்று நீங்கள் கேட்பீர்கள்.
அது வானொலியில் வந்தது, எல்லோருக்கும் தெரியும்.
என் குண்டு எந்த நிறத்துக்கு என்றும் கேட்பீர்கள்.
அதைச் சொல்ல மாட்டேன்.

வாசுவில் அந்தக் கால மனிதர் நட்ட
செங்கல் தூண்கள் வட்டம் வட்டமாய் நிற்கின்றன.
போகிறவர்கள் ஒரு சின்னக் கல்லைத்
தலையில் வைத்து எதையோ வேண்டிக்கொள்வார்கள்.
யார் கல் எது, ஒருவருக்கும் தெரியாது.
தூணுக்குத் தெரியுமோ என்னவோ.

மறுநாள் கடை திறந்தேன்.
முதல் ஆள் தீதாவின் மகன், மணி அடிக்காத சைக்கிளோடு.
திருகைத் தளர்த்தி, எண்ணெய் விட்டு,
கட்டை விரலால் ஒரு தட்டு.
ணிங் ணிங்.
இரண்டு முறை.
நேற்றென்றால் பிடித்திருப்பேன்.