கால் பிடித்தல்

படிவத்தில் ஆறாவது கேள்வி:
வீட்டில் பிராணிகள் உண்டா?
ஒரு பூனை என்று நான் எழுதினேன்.
அது எங்களுடையது என்று பூனைக்குத் தெரியாது.
டில்லிபாபு பேனாவை வெகுநேரம் கடித்துவிட்டு
தினம் முப்பது, ஞாயிறு நூறு என்று எழுதினான்.
வாங்கிப் படித்த அக்கா, பண்ணையா என்றாள்.
"இல்லக்கா. ஆட்டுத்தொட்டி."

சனிக்கிழமைகளில் வகுப்பு.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
மாநகராட்சிப் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால்
இரண்டு அறை, ஆறு கூண்டு,
பதின்மூன்றிலிருந்து பதினைந்து வயதுக்குள் பதினோரு பேர்.
கேட் மூடியிருந்தால் தாமதத்துக்கு மன்னிப்பு உண்டு;
கூட்ஸ் வண்டியில் எத்தனை பெட்டி என்று மட்டும்
எண்ணி வந்து சொல்ல வேண்டும்.

முதல் மாதம் உயிருள்ள எதையும் தொடவில்லை.
பஞ்சு அடைத்த கரடிக்குக் கட்டுப் போட்டோம்.
பாவம், அதன் வலது முன்காலில் மட்டும்
எத்தனை எலும்பு முறிவுகள்.
கடிக்காமலிருக்க வாயில் நாடா முடிச்சு.
நகம் வெட்டுகையில் ரத்தக்குழாய்க்கு முன்னால் நிற்பது.
கூண்டை மேலிருந்து கீழாகக் கழுவுவது.
தண்ணி லாரி வராத வாரத்தில்
இப்படிக் கழுவினால் அம்மா என்னைக் கழுவி ஊற்றுவாள்.
தெர்மாமீட்டரை எங்கே வைப்பது என்று சொன்னபோது
சுவரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தோம்.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வரிசை
விடிய விடிய நகராமல் நின்ற இரவு
ஏதோ ஒன்று மட்டும் நகர்ந்திருக்கிறது.
காலையில் மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது
ஒரு செவலை நாய்,
தார்ப்பாய்க்குள், பாதி கரைந்த ஐஸோடு.
யாரும் சிரிக்கவில்லை.

நாடி பின்தொடையின் உட்புறம்.
இரண்டு விரல். கட்டைவிரல் கூடாது.
பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கு.
புத்தகத்தில் அந்த இடத்துக்கு அம்புக்குறி இருந்தது.
நாயின் மேல் அம்புக்குறி இல்லை.
தடவித் தடவிப் பார்த்தேன்,
என் துடிப்புதான் என் விரலிலேயே அடித்தது.
டில்லி கை கழுவிக்கொண்டு வந்தான்.
கரண்ட் போன வீட்டில்
தீப்பெட்டி இருக்குமிடம் தெரிந்தவன் மாதிரி
நேரே கொண்டுபோய் விரலை வைத்தான்.
"இங்க, ஜெசி. நூத்தி நாப்பது. ஓடுது."

எப்படிடா என்று கேட்டிருக்கக் கூடாது.
கூண்டின் கொக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"ஒம்போது வயசுலேந்து எனக்கு கால் புடிக்கிற வேல.
அப்பா கத்தி, சித்தப்பா தல, நானு பின்னங்காலு.
வெரலு அங்கதான் இருக்கும்.
நிக்கிற வரிக்கும் எண்ணுவேன்."

அக்கா பதிவேட்டில் 140 என்று எழுதினாள்.
பார்த்தவர் பெயர் என்ற கட்டத்தில் அவன் பெயர்.
வேறெதுவும் கேட்கவில்லை.

டாக்டர் வண்டி பேசின் பிரிட்ஜ் நெரிசலில்.
ஒன்றேகால் மணி நேரம்
அவன் பிடியை மாற்றவில்லை.
அதே கை, அதே பிடி.
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.
நாய்க்குத் தெரிந்ததா, தெரியாது.
நடுக்கம் நின்றது,
களைப்பாகவும் இருக்கலாம்.

மறுநாள் அம்மா கால் கிலோவுக்குக் காசு கொடுத்தாள்,
எலும்போடு வாங்கி வா என்று.
தொட்டி வாசலில் அவர்கள் கடை.
சுற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போக நினைத்தேன்,
போகவில்லை.
பலகைக்குப் பின்னால் முழங்கைவரை அவன்.
நகக்கண்ணில் நேற்றைய அயோடின் இன்னும் போகவில்லை,
அதற்கு மேலேதான் மற்ற நிறம்.
"அது சாப்டுச்சா?"
"ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். தயிர் சாதம், ரெண்டு வாய்."
நிறுத்தான். கட்டினான்.
பிறகு ஒரு எலும்பை வெட்டித் தனியாகச் சுற்றினான்.
"இது உனுக்கில்ல. வேக வெக்காத, குத்தும்.
நாலாம் பாடம்."

எனக்குப் பின்னால் நின்ற ஆள்
பேச்சு அப்புறம், நேரமாவுது என்றார்.
உள்ளேயிருந்து அவன் அப்பா குரல்:
டேய், வந்து கால் புடி.

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு
போனான்.