ஊதாக் கண் நரி

மறுவிற்பனைக் கடையில் இரண்டு யூரோ.
விலைச்சீட்டு அட்டையில் பாதி முயலை மறைத்திருந்தது.
பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகம்.
பதினொரு பக்கம் யாரோ தீட்டி முடித்தாயிற்று.
பன்னிரண்டாவதில் ஒரு வாத்து
ஒற்றைச் சிறகோடு நின்றுபோயிருந்தது.
ஓலுவில் ஜனவரி. பகல் என்பது
மதியச் சாப்பாட்டுக்கு வந்து
மேல்சட்டைகூடக் கழற்றாமல் கிளம்பிவிடும் விருந்தாளி.
வாங்கிவிட்டேன்.

கோட்டுக்குள் நிற்பது எனக்குப் புதிதில்லை.
இருபத்திரண்டு குளிர்காலமாகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
சாலையோரம் நட்ட குச்சிகளுக்கு நடுவே
இரவு இரண்டு மணிக்கு வெள்ளையை வழித்தெடுப்பேன்.
தவறியது ஒரே ஒருமுறை, புல்க்கினேன் வீட்டுத் தபால்பெட்டி.
இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

எனக்கு முன்னால் தீட்டிய ஆள் இடதுகைக்காரர்.
கீற்றுகள் எல்லாம் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குகின்றன.
அழுத்தவே மாட்டார் போல,
நாலு தடவை, ஐந்து தடவை, மெல்ல ஏற்றிய பச்சை.
கடைசித் தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள்,
ஒவ்வொரு பென்சிலையும் உரசிப் பார்த்து
அடியில் அவரே வைத்த பெயர்:
பாசி.
ஈரப்பாசி.
மாமியார் திரைச்சீலை.
வண்டிக்குள் தனியாகச் சிரித்தேன்.

என்னிடம் இருந்தவை சூப்பர்மார்க்கெட் மார்க்கர்கள்,
முப்பத்தாறு நிறம், தள்ளுபடி விலை, திறந்தால் சாராய வாடை.
வாத்தைத் தொடத் துணிவில்லை.
அதன் காலடியில் இருந்த முட்செடிப் பூவில்
ஊதாவை வைத்தேன்.
தாள் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.
பக்கத்தைத் திருப்பினால்
முன்பின் தெரியாதவர் பொறுமையாய் முடித்த நரிக்கு
இடது கண் ஊதா.

கலைப்பொருள் கடையில் வில்யாமி என்ற பையன்
தாளைக் கட்டைவிரலால் தடவினான்:
"தொண்ணூறு கிராம், அதுவும் இரண்டு பக்கமும் அச்சு.
இதற்கு மார்க்கர் எமன்."
நூற்றிருபது பென்சில் தகரப் பெட்டியைக் காட்டினேன்.
"அதை வாங்குகிறவர்கள் பெட்டியைத்தான் வாங்குகிறார்கள்.
ஒன்றொன்றாய் எடுங்கள்."
மெழுகுப் பென்சில் வழுக்கிக்கொண்டு போகுமாம்,
நாள்பட்டால் மேலே வெண்படலம் பூக்குமாம்.
எண்ணெய்ப் பென்சில் கொஞ்சம் பிகு பண்ணும், ஆனால்
முனை நிற்கும்.
"உங்கள் கை எப்படி?"
ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கையைப் பார்த்தேன்.
எண்ணெய் என்றேன்.
ஏழு பென்சில், ஒரு நல்ல ஷார்ப்னர்.
மாமியார் திரைச்சீலையை மட்டும் அவனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.
ஏதேதோ அட்டையோடு ஒப்பிட்டுவிட்டு,
"இந்த எண் இப்போது வருவதில்லை" என்றான்.

ஆக, மிச்சச் சிறகு என் நிறத்தில்தான்.
வண்டிக் கூரையில் சுழலும் விளக்கின் ஆரஞ்சு,
முதலில் பட்டும் படாமல்,
அதன்மேல் பழுப்பு, திரும்ப ஆரஞ்சு.
நான் வலதுகைக்காரி. கீற்றுகள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன.
வாத்து ஒரு புறம் குளத்தில், மறுபுறம் நெடுஞ்சாலையில்.
கடைசித் தாளில் அவர் வரிசைக்குக் கீழே
என் கட்டங்கள்:
டீசல் நீலம்.
உப்புத் தூவிய சாலை.
புல்க்கினேன் தபால்பெட்டி.

நரியின் கண்ணை வெள்ளையால் மூடிப் பார்த்தேன்.
மூட மூட உள்ளிருந்து முழித்தது.
மறுகண்ணையும் ஊதாவாக்கி
வேண்டுமென்றே செய்ததாய்க் காட்டிக்கொள்ளலாம்.
பென்சிலைச் சீவிக்கூட வைத்தேன்.
அப்புறம் வேண்டாமென்று விட்டேன்,
அது அவருடைய கண்.

போன் அடிக்கிறது. வடக்கே பதினான்கு சென்டிமீட்டர்,
இன்னும் கொட்டுகிறதாம்.
சீவல்களைக் காபி மூடியில் தட்டிவிட்டு எழுகிறேன்.
மூன்று இறகு பாக்கி.