ஒன்பது நாள் லீவு

தீபாவளிக்கு முந்தின ராத்திரி
மங்கலம் ரோட்டின் கடைசிச் சாயப்பட்டறையும்
பாய்லரை அணைத்தது.
போனஸ் பையோடு பஸ் ஏறினார்கள்
தேனிக்கு, தென்காசிக்கு, கயாவுக்கு.
எனக்கு லீவில்லை.
இரண்டாம் தொட்டியில் இருப்பவர்களுக்கு
யார் சோறு போடுவது?

எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.
ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து
எண்ணிக்கொண்டிருக்கையில் போன் வந்தது.
பேசிவிட்டுக் குனிந்தால்
சிலர் இரண்டு பேராகியிருந்தார்கள்.

நேற்றுவரை குறையில்லை.
ஏதோ ஊர்க் குழந்தையின் பனியனில்
ஏறாமல் வழிந்த நீலம்,
சோப்பு, மெழுகு, பஞ்சுப் பிசுக்கு,
குழாய் நிறைய வந்தது.
சாயத்தின் முடிச்சை அவிழ்த்துத் தின்று
தண்ணீரைத் தண்ணீராக விட்டார்கள்.
உப்பு மட்டும் அவர்கள் பல்லுக்கு ஆகாது.
அதற்கு அப்பால் மெம்பரேன் இருக்கிறது,
கரண்ட் பில் இருக்கிறது.

பட்டறை நின்றால் பட்டினி.
மூன்றாம் நாள் நுரை கறுக்கும்.
ஐந்தாம் நாள்
தன் உடம்பையே தின்னத் தொடங்கும் கூட்டம்.

ஆகவே எழுதினேன்:
நாட்டுச்சர்க்கரை, கவுந்தப்பாடி, இரண்டு மூட்டை.
யூரியா கொஞ்சம். சாணிக் கரைசல் நாலு டிரம்.
கணக்குப் பிரிவு சென்னியப்பன்
சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
"யார் வூட்டு விசேசமுங்க?"

போனில் வந்தது தம்பி, மொடக்குறிச்சியிலிருந்து.
மஞ்சளில் கிழங்கழுகல்.
"உன்ற பூச்சிகள்ல ஒரு குடம் குடுக்கா,
காட்டுக்கு உட்டுப் பார்க்கலாம்."
"இவங்க வேற வேலைக்காரங்கடா.
உனக்கு வேணுங்கறது டிரைக்கோடெர்மா,
பாக்கெட்டுல தூங்குது.
தொழு உரத்துல கலந்து
நெழல்ல வெச்சு எழுப்பு.
கூடவே மருந்தடிச்சுக் கொன்னுபோடாதே."

கொன்றுபோட்ட கதை எனக்குத் தெரியும்.
புரட்டாசியில் டைபாய்டு.
ஊசி, காய்ச்சலோடு சேர்த்து
என் வயிற்றுத் தொட்டியையும் கழுவிவிட்டது.
ஒரு வாரம் கஞ்சிகூட நிற்கவில்லை.
அப்புறம் டாக்டர் தந்த கேப்சூலில்
உயிரோடு சிலர் இருந்தார்கள்.
அந்த ஊசி மருந்தின் பூர்வீகமும் ஒரு பூஞ்சையாம்.
யார் பக்கம் நிற்பதென்று புரியவில்லை.

ஐந்தாம் ராத்திரி மழை.
இரண்டரைக்குக் கரண்ட் போனது.
புளோயர் நின்றது.
அவ்வளவு பெரிய சத்தம் நின்றால்
காதுக்குள் ஏதோ விழுவதுபோல் இருக்கும்.
தொட்டியில் கடைசிக் குமிழி உடைந்தது.
ஜெனரேட்டர் இருமிப் படுத்தது.
ஊருக்குப் போகாத சூரஜ் மாஞ்சி
டீசல் கேனைத் தோளில் தூக்கி
வழுக்கும் படிகளில் ஓடினான்.
"மேடம், செத்துருமா?"
"மூச்சு முட்டும்."
நாற்பது நிமிஷம்.
பிறகு தரை அதிர்ந்தது,
தொட்டி மறுபடி கொதித்தது.

பத்தாம் நாள் காலை
குழாயில் முதல் சிவப்பு.
மறுநாள் தொட்டியில்
ஒரு லிட்டர் ஜாடியில் மொண்டு
அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மண்ணின் நிறத்தில் அவர்கள் அடியில் இறங்க
மேலே தெளிந்தது.
இதில் ஒரு சொட்டும் நொய்யலுக்குப் போகாது.
பட்டறைக்கே திரும்பி
அடுத்த நீலத்தில் நனையும்.
ஆற்றுக்கு எங்களைத் தெரியாமலிருப்பதே நல்லது.

சென்னியப்பனுக்குப் பதில் எழுதினேன்:
விசேஷம் முடிந்தது.
சாப்பிட்டவர்கள் நலம்.
சர்க்கரை மீதி முக்கால் கிலோ,
அதை நானும் சூரஜும்
டீக்குப் போட்டுக்கொண்டோம்.