ரசமட்டம்

சாவிகள் மொத்தம் பதினொன்று.
ஒன்பதுக்குப் பூட்டு இருந்தது.
மீதி இரண்டும் எதற்கென்று
ஒதெத் சரைவாவுக்கே தெரியவில்லை.
"வைத்துக்கொள்ளுங்கள், விலையில் அடக்கம்" என்றார்.

போர்த்தோவில் அன்று மழை.
கையெழுத்திட நோட்டரி நீட்டியது
ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இலவசப் பேனா.
பத்தொன்பது வருடம் நான் வேலை பார்த்த
அதே நிறுவனம்.
சகுனம் என்றான் டெல்மோ.
நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டு ஓவியக்கூடம்.
கதவுக் கண்ணாடியில் பொன்னெழுத்தில் அவர் பெயர்.
ஒப்பந்தத்தின் ஏழாம் பத்திப்படி
அந்தப் பெயரும் இனி எங்களுடையது.
ஒருவர் பெயரை விலைக்கு வாங்கிவிட்டு
அவரை அதே பெயரால் கூப்பிட
நாக்கு கூசியது.

நாற்பத்தேழு ஓவியம், ஆறு வெண்கலம்,
வால் ஒட்டவைத்த ஒரு கல்மீன்,
கசியும் காப்பி இயந்திரம்,
ஈரமானி,
விற்ற படத்தின் ஓரத்தில் வைக்கும் சிவப்புப் பொட்டு
ஒரு தாளில் பாதி.
எல்லாவற்றுக்கும் டிக் போட்டாயிற்று.
அவர் குடையை எடுத்துக்கொண்டார்.
திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தோம்.
டிராம் வந்துவிட்டது, ஓடினார்.

திங்கட்கிழமை டெல்மோ
லேசர் மட்டக் கருவியோடு வந்தான்.
சுவரில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது.
அப்போதுதான் பார்த்தோம்:
படங்கள் அத்தனையும் கோணல்.
ஒவ்வொன்றும் இடப்பக்கம் விரற்கடை தாழ்வு.
"முப்பத்திரண்டு வருடமா ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை?"
சிரித்துக்கொண்டே ஆணி பிடுங்கினோம்.
புதுக் கை, புது ஒழுங்கு என்று
எங்களை நாங்களே தட்டிக்கொடுத்தோம்.

மாலை ஆறரைக்கு விளக்கைப் போட்டு
வாசல்வரை பின்னால் நகர்ந்து பார்த்தால்
கப்பலேறியது போல் வயிறு புரண்டது.
எல்லாப் படமும் சாய்ந்திருந்தது.
டெல்மோ அளந்தான். சரி.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தான். சரி.
மறுபடி பார்த்தோம். தப்பு.

கைப்பை சரிந்து
ஆரஞ்சு ஒன்று தரையில் விழுந்தது.
நின்றது, யோசித்தது,
பிறகு ஒரு பெரிய மனுஷர் நடையில்
பலகைத் தரையெல்லாம் கடந்து உருண்டு
ஆற்றுப் பக்கச் சுவரில் போய் முட்டிக்கொண்டது.

இருநூறு வருடமாக இந்த வீடு
தோரு ஆற்றைப் பார்த்துக் கொஞ்சங்கொஞ்சமாய்ச் சாய்கிறது.
தரை சாய்ந்தது, கூடவே உத்தரமும்.
அந்த அம்மாள் படத்தை மாட்டியது
பூமிக்கு அல்ல, வீட்டுக்கு.

"கருவி பொய் சொல்லாது" என்றான் டெல்மோ.
"நானும் சொல்லமாட்டேன்" என்றேன்.
இரவு ஒன்றேகால் வரை
அவன் ஏணியில், நான் வாசலில்.
இன்னும் கொஞ்சம். இல்லை, இல்லை. அங்கேயே விடு.
பழைய துளைகள் பலவற்றில்
ஆணி தானாகவே போய் உட்கார்ந்தது.
வெட்கமாக இருந்தது, சௌகரியமாகவும் இருந்தது.

ஒரு படத்துக்கு மட்டும் அவன் இசையவில்லை.
கடல். சாம்பல் நிறம். படகு கிடையாது.
"அடிவானம் வீட்டுக்கு வளையாது, ஈல்தா."
களைத்திருந்தேன். விட்டுவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு ஒதெத் வந்தார்.
குடைத்தாங்கியை நாங்கள் இடம் மாற்றியிருந்தோம்.
பழைய மூலையில் குடையை வைத்தார்,
அது வழுக்கி விழுந்தது.
ஒயினை வாங்கிக்கொண்டு ஒரு சுற்று வந்து
கடலின் முன்னால் நின்று
தலையைச் சாய்த்தார்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
எனக்குக் கை வியர்த்தது.

"என்ன விலை?"
அவரே எழுதிவைத்த விலையைச் சொன்னேன்.
"அநியாயம்" என்றார்.
முப்பத்திரண்டு வருடத்தில் இங்கே
ஒரு படம்கூட வாங்கியதில்லையாம்.
முதலாளிக்கு யார் தள்ளுபடி கொடுப்பார்கள்?
பத்து கேட்டார். பதினைந்து விழுக்காடு கொடுத்தேன்.
மேஜைக்கு அடியில் டெல்மோ என் காலை மிதித்தான்.

பாதித் தாளிலிருந்து ஒரு பொட்டை உரித்து
அவர் விரல்நுனியில் வைத்தேன்.
பழக்கமான கை. பார்க்காமலே ஒட்டிவிட்டார்.

மறுநாள் அந்தச் சுவரில்
ஒரு நேரான காலியிடம்.
அதன் கீழே, யாரும் எடுக்காமல்,
ஆரஞ்சு.